அமெரிக்காவின் டிராம்களைக் கொன்றது யார்? ஐந்து சென்ட் கட்டணமும் ஒரு டாலர் அபராதமும்

1956-இல் எடுக்கப்பட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தை ஒட்டிய டெர்மினல் தீவில் ஒரு பழைய இரும்புக் கிடங்கு. அங்கே டிராம் பெட்டிகள் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஆயிரக்கணக்கானோரை வேலைக்கும் பள்ளிக்கும் கடற்கரைக்கும் ஏற்றிச் சென்ற பெட்டிகள் அவை. இப்போது எடைக்குப் போகக் காத்திருக்கின்றன.

அதே நகரத்தில் பசிபிக் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ‘சிவப்பு வண்டிகள்’ ஒருகாலத்தில் 1,000 மைலுக்கும் அதிகமான தண்டவாளத்தில் ஓடின. இன்று உலகம் முழுக்கக் கார்களுக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் பெயர் போன ஊர்தான் லாஸ் ஏஞ்சலிஸ். அந்த ஊரிலா இப்படி ஒரு ரயில் வலை இருந்தது என்று கேட்டால், இருந்தது. அது மட்டுமல்ல, 1910-களின் இறுதியில் அமெரிக்கா முழுவதும் நகரங்களுக்குள்ளும் நகரங்களுக்கு இடையிலுமாகச் சுமார் 72,000 கிலோமீட்டர் மின்சார வண்டிப் பாதை இருந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய எல்லாமே காணாமல் போயின.

எப்படி? இதற்கு அமெரிக்காவில் பலரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “கார் கம்பெனிகள் சதி செய்து அழித்துவிட்டன.” 1988-இல் வந்த ‘ஹூ ஃபிரேம்ட் ரோஜர் ராபிட்’ திரைப்படத்தின் கதையே அந்தச் சதியைத் தழுவியதுதான். நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் இருப்பதால், இதைச் சும்மா வதந்தி என்று தள்ளிவிடவும் முடியாது. ஆனால் தீர்ப்பு சொன்னது ஒன்று, மக்கள் நினைவில் தங்கியது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில்தான் உண்மைக் கதை இருக்கிறது.

குதிரை போனது, மின்சாரம் வந்தது

கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம். 1832-இல் நியூயார்க்கில் குதிரைகள் இழுக்கும் டிராம் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தில் உருள்வதால் அதிக எடையைக் குறைந்த குதிரைகளே இழுத்துவிடும். ஆனால் குதிரைக்குத் தீனி போட வேண்டும், கொட்டில் வேண்டும், சாணம் அள்ள வேண்டும். 1872-இல் குதிரைகளுக்குப் பரவிய தொற்றுநோயில் பல நகரங்களில் டிராம் சேவையே நின்றுபோனது.

1888-இல் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்பிரேக் என்ற பொறியாளர் மின்சார டிராமைப் பெரிய அளவில் ஓட்டிக் காட்டினார. தலைக்கு மேலே கம்பி; வண்டிக் கூரையிலிருந்து ஒரு கோல் அந்தக் கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும். அவ்வளவுதான். 1902-க்குள் நாட்டின் டிராம் பாதைகளில் பெரும்பகுதி மின்மயமாகிவிட்டது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் எங்கு பார்த்தாலும் டிராம். அதற்கு வழிவிட்டு ஓடியே பழகியவர்கள் என்ற கேலியிலிருந்துதான் அந்த ஊர் பேஸ்பால் அணிக்கு ‘டாட்ஜர்ஸ்’ என்ற பெயரே வந்தது.

டிராம் போன பக்கமெல்லாம் நகரம் வளர்ந்தது. இதில் ஒரு வியாபார சூட்சுமமும் இருந்தது. 1901-இல் பசிபிக் எலெக்ட்ரிக்கைத் தொடங்கிய ஹென்றி ஹண்டிங்டன், ஊருக்கு வெளியே நிலம் வாங்கிப் போட்டு, அங்கே டிராம் பாதை அமைத்து, நிலத்தை மனைகளாக விற்றார். பெரிய லாபம் டிக்கெட்டில் இல்லை, மனை விற்பனையில் இருந்தது. மனையெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு? வண்டியை டிக்கெட் காசில் மட்டுமே ஓட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

ஐந்து சென்ட் என்னும் பொறி

அமெரிக்க டிராம்கள் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களுடையவை. ஆனால் தெரு நகராட்சியுடையது. தெருவில் தண்டவாளம் போட வேண்டுமானால் நகராட்சியிடம் நீண்ட கால உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிம ஒப்பந்தங்களில் பொதுவாக இரண்டு நிபந்தனைகள் இருந்தன.

ஒன்று, கட்டணம் 5 சென்ட். எவ்வளவு தூரம் போனாலும் அதே ஐந்து சென்ட்தான். இரண்டு, தண்டவாளங்களுக்கு நடுவிலும் அவற்றின் இருபுறமும் உள்ள சாலையை நிறுவனமே போட்டுப் பராமரிக்க வேண்டும். பல ஊர்களில் பனி அள்ளுவதும் அவர்கள் தலையில்தான்.

இந்த இரண்டாவது நிபந்தனை குதிரைக் காலத்தில் நியாயமானது. குதிரைக் குளம்பு பட்டுச் சாலை பெயர்ந்துபோகும். கெடுத்தவர் சரி செய்ய வேண்டும். ஆனால் குதிரை போய் மின்சாரம் வந்த பிறகும் நிபந்தனை அப்படியே நின்றது. பின்னர் கார்கள் வந்தபோது, அவை ஓடிய சாலையின் ஒரு பகுதியை டிராம் நிறுவனம் தன் செலவில் போட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. தனக்குப் போட்டியாக வந்தவனுக்குத் தானே பாதை போட்டுக் கொடுத்த கதை இது.

ஐந்து சென்ட் கட்டணமும் 1890-களில் நல்ல லாபம் தந்ததுதான். முதல் உலகப் போர் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 1914-க்கும் 1920-க்கும் இடையில் அமெரிக்காவில் விலைவாசி ஏறக்குறைய இரு மடங்கானது. இரும்பு, செம்பு, நிலக்கரி, தொழிலாளர் கூலி எல்லாம் ஏறின. டிக்கெட் மட்டும் பல நகரங்களில் அதே ஐந்து சென்ட். பல நிறுவனங்கள் திவாலாகின. நிலைமையை ஆராய 1919-இல் அதிபர் உட்ரோ வில்சன் தனி ஆணையமே அமைக்க வேண்டியதாயிற்று.

‘கட்டணத்தை ஏற்றிவிட்டுப் போகலாமே?’ என்று இன்று கேட்பது எளிது. அன்று டிராம் முதலாளிகள் மேல் மக்களுக்கு இருந்த கோபம் சாதாரணமானதல்ல. சிகாகோவில் சார்லஸ் யெர்க்ஸ் என்ற டிராம் அதிபர் 1898-இல் ஐம்பது ஆண்டு உரிமம் கேட்டபோது, ஊரே கொதித்தெழுந்து நகர மன்றத்தை நிராகரிக்க வைத்தது. லஞ்சம் கொடுத்து உரிமம் வாங்குகிறார்கள், கூட்டத்தை ஆடுமாடுபோல அடைத்து ஏற்றுகிறார்கள், லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று மக்கள் பேசியதில் உண்மையும் இருந்தது. அதனால் ‘ஐந்து சென்ட்டைக் காப்பாற்றுவேன்’ என்று சொல்லும் அரசியல்வாதிக்கு ஓட்டு விழுந்தது. சில நகரங்களில் 1918-க்குப் பிறகு கட்டணம் ஏழு, பத்து சென்ட் என்று ஏறியது. நியூயார்க் சுரங்க ரயிலிலோ 1948 வரை ஐந்து சென்ட்தான்.

மலிவுக் கட்டணம் ஏழைக்கு நல்லதுதானே? நிச்சயம் நல்லது. ஆனால் குறைந்த கட்டணத்தால் விழும் துண்டை யாராவது ஈடுகட்ட வேண்டும். அன்று அரசு தரவில்லை. தனியார் நிறுவனத்துக்கு மக்கள் பணமா என்ற கேள்வியே போதும், பேச்சு நின்றுவிடும். விளைவு, பழைய பெட்டிகள் மாற்றப்படவில்லை, தண்டவாளம் ஆட்டம் கண்டது, வண்டி தாமதமானது. முதலாளி மேல் இருந்த கோபம் மெல்ல வண்டி மேலேயே திரும்பியது.

தெரு யாருக்கு?

1910-இல் அமெரிக்காவில் ஐந்து லட்சம் மோட்டார் வாகனங்கள்கூட இல்லை. 1920-இல் பதிவான கார்கள் சுமார் 80 லட்சம். 1930-இல் சுமார் 2.3 கோடி. ஃபோர்டின் மாடல்-டி கார் 1908-இல் 850 டாலருக்கு வந்தது. 1925-இல் 300 டாலருக்கும் கீழே கிடைத்தது.

இடையில், 1914-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ‘ஜிட்னி’ என்று ஒன்று முளைத்தது. சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் டிராம் பாதையிலேயே போய், நிறுத்தத்தில் நிற்பவர்களை ஐந்து சென்ட்டுக்கு ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். நம் ஊர் ஷேர் ஆட்டோ என்று வைத்துக்கொள்ளலாம். நகராட்சிகள் விதிமுறை போட்டு அதை அடக்கின. ஆனால் டிராமுக்கு மாற்று உண்டு என்று மக்கள் பார்த்துவிட்டார்கள்.

கார்களால் டிராமுக்கு வந்த பெரிய ஆபத்து பயணிகள் குறைந்தது மட்டுமல்ல. கார்கள் தண்டவாளத்தின் மேலேயே ஓடின, நின்றன, திரும்பக் காத்திருந்தன. டிராமால் ஒதுங்கிப் போக முடியாது. முன்னால் ஒரு கார் நின்றால் பின்னால் வரிசையாகப் பத்து டிராமும் நிற்கும். சாலையின் நடுவில் இறங்கும் பயணி கார்களுக்கு இடையில் புகுந்து ஓரத்துக்கு வர வேண்டும்.

1920 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. நகர மையத்தில் பகல் நேரத்தில் கார் நிறுத்தத் தடை. உடனே டிராம்கள் நேரத்துக்கு ஓடின. ஆனால் கடைக்காரர்கள் வியாபாரம் போச்சு என்று கூக்குரலிட்டார்கள். கார் வைத்திருந்தவர்கள் ஊர்வலம் போனார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் மௌனப்பட நடிகை கிளாரா கிம்பால் யங். சில வாரங்களிலேயே தடை தளர்த்தப்பட்டது.

டிராம் மூடப்பட்ட தேதிகளைத்தான் வரலாறு எழுதி வைக்கிறது. ஆனால் தோல்வி இதுபோன்ற நாட்களில்தான் முடிவானது. ஒரு தெருவில் இடம் யாருக்கு என்ற கேள்விக்கு, ஐம்பது பேரை ஏற்றிய வண்டிக்கும் ஒருவரை ஏற்றிய வண்டிக்கும் சம உரிமை என்று பதில் சொல்லப்பட்டது. அந்தச் சமத்துவத்தில் டிராம் தோற்கத்தான் செய்யும்.

ஒரு டாலர் அபராதம்

இப்போது சதிக் கதைக்கு வரலாம்.

பல ஊர்களில் டிராம் நிறுவனங்கள் மின் உற்பத்தி நிறுவனங்களின் கையில் இருந்தன. 1935-இல் மின் நிறுவனங்களின் ஆதிக்கத்தை உடைக்க ஒரு சட்டம் வந்தது. அதன்பின் அவற்றில் பல, ஏற்கெனவே நஷ்டத்தில் ஓடிய டிராம்களைக் கைகழுவ ஆரம்பித்தன. வாங்க ஆள் வேண்டுமே?

1936-இல் உருவான நேஷனல் சிட்டி லைன்ஸ் வந்தது. மினசோட்டாவில் இரண்டு பேருந்துகளுடன் தொழில் தொடங்கிய ஃபிட்ஸ்ஜெரால்டு சகோதரர்களின் நிறுவனம் அது. அதில் முதலீடு செய்தவர்கள் யார் தெரியுமா? பேருந்து தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ், மேக் டிரக்ஸ்; டயர் தயாரித்த ஃபயர்ஸ்டோன்; எரிபொருள் விற்ற ஸ்டாண்டர்டு ஆயில் ஆஃப் கலிஃபோர்னியா, ஃபிலிப்ஸ் பெட்ரோலியம். பணம் தருகிறோம், பேருந்தும் டயரும் எரிபொருளும் எங்களிடமே வாங்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நேஷனல் சிட்டி லைன்ஸும் அதன் துணை நிறுவனங்களும் சுமார் 45 நகரங்களின் போக்குவரத்தைக் கையில் எடுத்தன. பல இடங்களில் தண்டவாளம் போய்ப் பேருந்து வந்தது.

1947-இல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. 1949-இல் சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. இரண்டு குற்றச்சாட்டுகள். நகரப் போக்குவரத்தையே ஏகபோகமாக்கச் சதி செய்தார்கள் என்பது முதலாவது, அதில் விடுதலை. அந்த நிறுவனங்களுக்குப் பேருந்து, டயர், எரிபொருள் விற்பதை ஏகபோகமாக்கச் சதி செய்தார்கள் என்பது இரண்டாவது, அதில் குற்றவாளிகள். நிறுவனங்களுக்குத் தலா 5,000 டாலர் அபராதம். தண்டனை பெற்ற ஏழு அதிகாரிகளுக்கு? ஆளுக்கு ஒரு டாலர்.

இந்த ஒரு டாலர்தான் கதையைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது. 1974-இல் பிராட்ஃபோர்டு ஸ்னெல் என்ற வழக்கறிஞர் செனட் துணைக்குழு முன் அளித்த அறிக்கையில், கார் விற்பனையைப் பெருக்கவே ஜெனரல் மோட்டார்ஸ் டிராம்களை ஒழித்தது என்று குற்றம்சாட்டினார். நிறுவனம் மறுத்தது. விவாதம் இன்றும் ஓயவில்லை.

அப்போ, குற்றவாளி யார்?

ஜெனரல் மோட்டார்ஸ் செய்தது குற்றம். அதை நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் டிராம் அழிவுக்கு அது ஒன்றே காரணம் என்றால் கணக்கு இடிக்கிறது. நேஷனல் சிட்டி லைன்ஸ் கை வைத்தது சுமார் 45 நகரங்களில். டிராம் மறைந்ததோ நூற்றுக்கணக்கான ஊர்களில். அந்தக் கம்பெனி பிறப்பதற்கு முன்பே பல சிற்றூர்களில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டுவிட்டது.

லாஸ் ஏஞ்சலிஸையே எடுத்துக்கொள்வோம். 1945-இல் நேஷனல் சிட்டி லைன்ஸ் குழுமம் வாங்கியது நகருக்குள் ஓடிய ‘மஞ்சள் வண்டி’களை. புகைப்படத்தில் அடுக்கிக் கிடக்கும் சிவப்பு வண்டிகள் அந்தக் குழுமத்தின் கைக்கு வந்ததே இல்லை. 1958-இல் இரண்டையும் ஓர் அரசுப் போக்குவரத்து ஆணையம் எடுத்துக்கொண்டது. லாங் பீச்சுக்குப் போன கடைசி சிவப்பு வண்டியை 1961 ஏப்ரலிலும், கடைசி மஞ்சள் வண்டிகளை 1963 மார்ச்சிலும் நிறுத்தியது அந்த ஆணையம்தான்.

டிராம் தொழிலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. நிறுவனங்கள் சேர்ந்து வேகமான, சத்தம் குறைந்த, அழகான புதிய வகை வண்டியை உருவாக்கின. 1936-இல் அது ஓடத் தொடங்கியது. வட அமெரிக்காவுக்காகச் சுமார் 5,000 வண்டிகள் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் வந்ததால் மக்கள் கூட்டம் கூட்டமாகப் பொதுப் போக்குவரத்துக்குத் திரும்பினார்கள். ஆனால் போர்க்காலத்தில் ஓவராக ஓடித் தேய்ந்த வண்டிகளையும் பாதைகளையும் போர் முடிந்ததும் புதுப்பிக்கப் பணம் இல்லை.

அரசிடம் பணம் இல்லாமல் இல்லை. 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. 41,000 மைல் விரைவுச் சாலைகளுக்காக 2,500 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. செலவில் 90 சதவீதம் கூட்டாட்சி அரசுடையது. நகரப் பொதுப் போக்குவரத்துக்குக் கூட்டாட்சி அரசு நிதி தரும் முதல் பெரிய சட்டம் 1964-இல்தான் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸின் கடைசி டிராம் நின்று ஓராண்டுக்குப் பிறகு.

சாலை என்றால் அது பொதுச் சேவை, லாபம் பார்க்கக் கூடாது. டிராம் என்றால் அது வியாபாரம், தன் காலில் நிற்க வேண்டும். இந்த இரட்டைக் கணக்குதான் டிராமின் கழுத்தை இறுக்கியது. பேருந்து கம்பெனிகள் வந்தபோது கை வைக்கச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

தப்பித்தவை எப்படித் தப்பின?

எல்லா ஊரிலும் டிராம் சாகவில்லை. எங்கே பிழைத்தது என்று பார்த்தால் மேலே சொன்னது இன்னும் தெளிவாகும்.

பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, சான் பிரான்சிஸ்கோ நகரங்களில் டிராமுக்குச் சுரங்கப் பாதைகள் இருந்தன. அந்த இருட்டுக் குகைக்குள் காரும் வர முடியாது, டீசல் பேருந்தை ஓட்டினால் புகையில் மூச்சு முட்டும். நியூ ஆர்லியன்ஸின் செயிண்ட் சார்லஸ் வண்டி, சாலை நடுவில் தனியாக ஒதுக்கிய புல்தரையில் இன்றும் ஓடுகிறது. அதாவது, டிராமுக்கு என்று தனி இடம் இருந்த ஊரில் டிராம் நின்றது.

எல்லைக்கு அப்பால் கனடாவின் டொராண்டோவில் 1921 முதலே டிராம் நகரத்தின் சொத்து. அங்கும் படிப்படியாக நிறுத்தும் திட்டம் இருந்தது. ஊர் மக்கள் சேர்ந்து எதிர்க்க, 1972-இல் டிராம்களை வைத்துக்கொள்வது என்று போக்குவரத்து ஆணையம் முடிவெடுத்தது. இன்று வட அமெரிக்காவின் மிகப் பெரிய டிராம் வலை அங்கேதான் இருக்கிறது.

பெயர்த்ததைத் திரும்பப் போடும் விலை

1990 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லாங் பீச்சுக்கு ஒரு புதிய மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பெரும்பகுதி, 1961-இல் சிவப்பு வண்டி நின்றுபோன அதே தடத்தில். செலவு சுமார் 88 கோடி டாலர். வேண்டாம் என்று எடைக்குப் போட்ட ஒன்றை, முப்பது ஆண்டு கழித்து மக்கள் வரிப்பணத்தில் மறுபடி கட்டினார்கள். டிராம்களை 1938-இல் ஒழித்த பாரிஸும் 1992-இல் திரும்பக் கொண்டுவந்தது.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1895-இல் இந்தியாவிலேயே முதலில் மின்சார டிராம் ஓடிய நகரம் சென்னை. நடத்தியது தனியார் நிறுவனம். நஷ்டத்தில் மூழ்கி 1953 ஏப்ரலில் சேவை நின்றது. கொல்கத்தாவில் மட்டும் அது 150 ஆண்டுகளைத் தாண்டியது. ‘மெதுவாகப் போகிறது, நெரிசலுக்குக் காரணமாகிறது’ என்று சொல்லி, ஒரு பாரம்பரியத் தடம் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு அறிவித்தது. அந்த இரண்டு காரணங்களும் நூறு ஆண்டுக்கு முன் லாஸ் ஏஞ்சலிஸில் கேட்டவைதான். நெரிசலை உண்டாக்குவது யார், அதில் மாட்டிக்கொள்வது யார் என்ற கேள்வியை அன்றும் யாரும் கேட்கவில்லை.

டிராம் பழைய வண்டிதான். அது திரும்ப வர வேண்டுமா என்பது அந்தந்த ஊர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் ‘இந்தத் தடம் நஷ்டத்தில் ஓடுகிறது, நிறுத்திவிடலாம்’ என்று ஒரு பேருந்தைப் பற்றியோ ரயிலைப் பற்றியோ சொல்லும்போது, கூடவே இன்னொரு கணக்கையும் கேட்கலாம்: அதன் பக்கத்தில் போகும் சாலை எவ்வளவு லாபத்தில் ஓடுகிறது?